நேவி ஜெகதீசன் ஆழம் பார்த்த பித்தளை

திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டுப் பக்கம் போய் ஜெகதீசன் வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். நேவிக்காரர் வீடு என்று கேட்டுப் பாருங்கள், ஆட்டோக்காரர் வண்டியை ஓரம் கட்டி இறங்கிவந்து கை காட்டுவார். சும்மா வந்த பெயரா அது? கடற்படையில் இருந்ததைவிட அதிக காலம் அதைப் பற்றிப் பேசியே சம்பாதித்தது. டீக்கடைப் பேச்சில் அவர் எப்போதும் பீரங்கிக்குப் பின்னால்தான் நிற்பார். வங்காள விரிகுடாவில் அவர் சுட்டுத்தள்ளிய குண்டுகளை எண்ணிப் பார்த்தால் மீன்களுக்கு நீந்த இடம் இருந்திருக்காது.

உண்மையில் அவர் நின்றது அடுப்புக்கு முன்னால். கப்பலில் அவர் சமையல்காரர். நல்ல சமையல்காரரும்கூட. அவர் வைத்த சாம்பாரை அதிகாரிகளே இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். ஒரு மனிதன் பெருமைப்பட அது போதாதா? ஆனால் பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனார், "கப்பல்ல இன்னா வேலைங்க?" என்று கேட்டதும் அவர் வாயிலிருந்து பீரங்கி வந்து விழுந்துவிட்டது. விழுந்ததை எடுத்து உள்ளே போட்டுக்கொள்ள இன்றுவரை அவருக்குத் தைரியம் வரவில்லை. மனைவி வேணிக்குக்கூடத் தெரியாது. அவளுக்குத் தெரிந்துவிடாமல் காப்பதுதான் ஜெகதீசன் ஓய்வு பெற்ற பிறகும் விடாமல் பார்த்த ஒரே ராணுவப் பணி.

அந்தப் பணிக்கு ஆபத்து, ஆரோக்கியராஜின் காயலான் கடை வழியாக வந்தது. மரக்காணத்திலிருந்து வந்த பழைய இரும்புச் சுமையில் ஒரு பித்தளைச் சாமான் கிடந்தது. மீன் வலையில் சிக்கியதாம். சொம்பு அளவு, மேலே கூர், நடுவில் ஒரு வளையம், வளையத்தைச் சுற்றி எண்கள். கோயில் கலசத்தின் நுனி என்றார் ஒருவர். போர்வெல் மோட்டாரில் கழன்றது என்றார் இன்னொருவர். மூன்றாமவர் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட, உள்ளே தங்கம் இருக்கலாம் என்று அங்கிருந்த விஞ்ஞானிகள் முடிவு சொன்னார்கள். ஆரோக்கியராஜுக்கு எதிலும் நம்பிக்கை வரவில்லை. கடலிலிருந்து வந்ததற்குக் கடலில் இருந்த ஆள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று நேவிக்காரருக்கு ஆள் அனுப்பினார்.

ஜெகதீசன் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். கையில் வாங்கினார், புரட்டினார், கண்ணைச் சுருக்கினார். ஒன்றும் விளங்கவில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சுற்றி இத்தனை பேர் வாய் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அந்தச் சொல் அவருக்கு எப்படி வரும்?

"இது ஆழம் பாக்குற மீட்டருப்பா. கடலு எத்தினி அடின்னு இந்த ரிங்கு காட்டும். நானே எத்தினி வாட்டி புடிச்சிக்கினு நின்னுருக்கேன்!"

"வெடிக்கிற ஐட்டம் எதுனா இல்லையே சார்?" என்றார் ஆரோக்கியராஜ்.

"மீட்டரு எங்கனா வெடிக்குமாய்யா?"

கூட்டம் சிரித்துக் கலைந்தது. ஆழம் அளந்த களைப்பில் ஜெகதீசனும் வீட்டுக்குப் போனார்.

மத்தியானம் வேணி சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தபோதுதான் அவருக்குச் சுருக்கென்றது. தட்டு. ஒருநாள் கப்பலில் சுடும் பயிற்சி. பீரங்கிக்காரர்களுக்கு டீ கொண்டுபோனவர், வைக்க இடமில்லாமல், வரிசையாக நிறுத்தியிருந்த குண்டுகளின் தலைமேல் தட்டை வைத்துவிட்டார். ஒரு பஞ்சாபிக்காரன் சட்டையைப் பிடித்து உலுக்கி எடுத்தான். குண்டு கிளம்பி எத்தனை நொடியில் வெடிக்க வேண்டும் என்று அதன் தலையில் இருக்கிற வளையத்தைத் திருப்பித்தான் வைப்போம், விமானத்துக்கு வைத்திருக்கிற எமன் இது, உன் டீக்கடை மேசை இல்லை என்று கத்தினான். அதே கூர். அதே வளையம். அதே எண்கள்.

பிசைந்த சோறு கையில் ஒட்டியிருக்க, செருப்புகூடப் போடாமல் ஜெகதீசன் ஓடினார். என்னவோ ஏதோ என்று வேணியும் பின்னாலேயே ஓடினாள்.

கடையில், பித்தளையை உள்ளிருக்கும் இரும்பிலிருந்து பிரிப்பதற்காக வேலையாள் தென்னரசு அதைக் கல்மேல் நிறுத்தி, சம்மட்டியை ஓங்கியிருந்தான்.

"அடிக்காத! அடிக்காதடா! அது குண்டு தலையில மாட்டுறது!"

ஆரோக்கியராஜுக்குச் சலிப்பாக வந்தது. "இன்னா சார், காலைல மீட்டருன்னீங்க, இப்ப குண்டுன்றீங்க? பீரங்கி சுட்ட ஆளுக்கு இது காலைலயே தெரிஞ்சிருக்காதா? பேஜாரு பண்ணாதீங்க சார். டேய், நீ அடிடா."

நியாயமான கேள்வி. பீரங்கி சுட்ட ஆளுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். ஜெகதீசன் திரும்பிப் பார்த்தார். மூச்சிரைக்க வேணி வாசலில் நின்றிருந்தாள். இந்தப் பக்கம் தென்னரசின் கை மறுபடி மேலே போயிற்று. பாவி மனுஷன், அந்த ஒரு கணத்தில் எப்படித் தவித்திருப்பார்!

"நான் பீரங்கியே சுட்டதில்லப்பா! கப்பல்ல நான் சமையக்காரன். சுடறவங்களுக்கு டீ எடுத்துக்கினு போவேன். ஒருநாளு டீத்தட்ட இதுமேல வெச்சிட்டு சட்டை கிழிய வாங்கிக் கட்டிக்கினேன். அதனாலதான் தெரியும். கீழ வெய்யிடா, உனக்குப் புண்ணியமா போவும்!"

தென்னரசு சம்மட்டியை இறக்கினான். ஜம்பத்துக்காக யாரும் இப்படியொரு பொய்யைச் சொல்ல மாட்டார்கள் என்பது அவனுக்கும் புரிந்தது.

விழுப்புரத்திலிருந்து வெடிகுண்டு நிபுணர்கள் வந்தார்கள். பழைய கப்பல் பீரங்கிக் குண்டின் வெடிப்பு நேரத்தை வைக்கிற உறுப்புதான், உள்ளே மருந்தும் அப்படியே இருக்கிறது, ஓர் அடி போதும் என்றார் அதிகாரி. யார் கண்டுபிடித்தது என்று அதிகாரி கேட்டார். "எங்க குக்கு சார்தாங்க" என்றார் ஆரோக்கியராஜ். இத்தனை வருஷத்து நேவிப் பட்டம் போவதற்கு ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. ஆனால் அதிகாரி உட்பட யாரும் சிரிக்கவில்லை. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை காலம் பயந்தோம் என்று ஜெகதீசனுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது.

இருவரும் வீட்டுக்கு நடந்து வந்தார்கள். உள்ளே வந்து உட்கார்ந்ததும் வேணி கேட்டாள்.

"கப்பல்ல எத்தினி பேருக்குங்க ஆக்குவீங்க?"

"முன்னூறு பேருக்கு" என்றார் ஜெகதீசன், கொஞ்சம் பெருமையாகவே.

"கலைப்பிரியா பொறந்தப்ப ஜொரத்துல எழுந்துக்க முடியாம கெடந்தேனே, ஒரு வாய் சுடுகஞ்சி கேட்டேன். அடுப்பு பத்தவெக்கத் தெரியாதுன்னு சொல்லிட்டு வெளிய போயிட்டீங்க." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பாவம், ஒண்ணுமே தெரியாத மனுசன், நான் செத்துட்டா இவுரு சோத்துக்கு இன்னா பண்ணுவாருன்னு அன்னிக்கி உங்களுக்காவ அழுதேங்க."