இரண்டாம் தரம் பூத்த ஐரிஸ்

போன வாரம் கிறிஸ்துமஸ் காலையில் நான் சர்ச்சுக்குள் நுழைவதை எங்கள் பீளமேட்டார் இருவர் பார்த்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் செய்தி பரவிவிட்டது — ரிட்டயர்டு சிரஸ்தார் ஞானஸ்நானம் வாங்கிவிட்டாராம்!

இல்லை ஐயா. ஒரு பூவைக் கொடுக்கப் போனேன். அவ்வளவுதான்.

ஐரிஸ் என்று பெயர். குன்னூர்ப் பக்கம் பங்களாத் தோட்டங்களில் பார்த்திருப்பீர்கள். கத்தி போன்ற இலை, இஞ்சி போன்ற கிழங்கு. மூன்று இதழ் நிமிர்ந்து நிற்கும், மூன்று தொங்கும். மாசியில் சில நாள் பூக்கும். அப்புறம் அடுத்த மாசி வரை... ஓய்வு. இப்படி வேலை பார்த்தவர்களை முப்பது வருஷம் தாலுகா கச்சேரியில் பார்த்தாயிற்று. வீட்டிலுமா பார்க்க வேண்டும்?

வருஷத்துக்கு இரண்டு தரம் பூக்கும் ஜாதியைச் சீமையில் உண்டாக்குகிறார்கள் என்று ஒரு புத்தகத்தில் படித்தேன். நாமும் செய்தால் என்ன?

குன்னூரிலிருந்து ஊதா ஐரிஸ் வந்தது. வெள்ளை ஐரிஸ் ஞானம்மாள் டீச்சர் வீட்டில் கிடைத்தது. டீச்சர், மிஷன் பள்ளியில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கிழங்கைக் கொடுக்கும்போதே, இதெல்லாம் நடக்கிற காரியமல்ல, வெயிலில் நின்று மண்டையைக் காயவிடாதீர்கள் என்று புத்தி சொன்னார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நாலாவது கிறிஸ்துமஸுக்கு உங்க சர்ச்சு மேசையில எம்பட ஐரிஸ் நிக்குமுங்க" என்றேன்.

டீச்சர் அதைச் சபை முழுவதும் சொல்லிவிட்டார். அதோடு விட்டாரா? வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் பலகாரம் கொண்டுவந்து கொடுக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "இன்னும் எத்தனை கிறிஸ்துமஸுங்க?"

நான் எதையும் முறைப்படி செய்பவன். வெள்ளையின் மகரந்தத்தைச் சாமணத்தால் எடுத்து, ஊதாவின் சூலகத்தில் தடவி, மல் துணியால் மூடி, நூலில் சீட்டுக் கட்டினேன். பதிவேட்டில் தாய்ச் செடி, தந்தைச் செடி என்று கட்டம் போட்டுக் கையெழுத்தும் இட்டேன். பன்னிரண்டு நாற்றுகள் தேறின. இந்த மாசியில் பன்னிரண்டும் பூத்தன. வருகிற கிறிஸ்துமஸ்தான் நாலாவது; அதற்குள் இரண்டாம் தரம் பூத்தாக வேண்டும்.

அடுத்த விதியில்தான் சறுக்கினேன். செடிகளை வெயிலிலும் மழையிலும் விட்டுப் பார், தேறாததை இரக்கமில்லாமல் பிடுங்கி எறி என்கிறது புத்தகம். எத்தனையோ மனுக்களைத் தள்ளுபடி செய்த கைதான். ஆனால் ஒரு நாற்றைப் பிடுங்க வரவில்லை. பன்னிரண்டுக்கும் கீற்றுப் பந்தல் போட்டு, கிழங்கு பாதி வெளியே தெரியும்படி வைத்து — அதுதான் முறை — பச்சைக் குழந்தை போல் வளர்த்தேன்.

புரட்டாசியில் மகள் பிரசவத்துக்காக நானும் மனைவியும் சென்னைக்குப் போனோம். வீட்டுக்குக் காவல், என் மச்சினன் பழனிச்சாமி. கோபியில் மஞ்சள் பயிரிடுகிறவன். இங்கே கோர்ட்டில் ஒரு வழக்கு விஷயமாக வந்து தங்கியிருந்தான்.

கார்த்திகையில் திரும்பிவந்து பார்த்தால் தோட்டத்தில் பந்தலைக் காணோம். மண்ணை மேடாக அணைத்து வரிசையாகப் பார் கட்டியிருந்தது. கிழங்கெல்லாம் மண்ணுக்குள். புண்ணாக்கு வாசனை வேறு. வயலுக்குப் பாய்ச்சுகிற மாதிரி வாய்க்கால் வெட்டித் தண்ணீர் விட்டிருக்கிறான். பதினோரு செடி அழுகிப் போயிருந்தன.

"கெழங்கு வெளிய கெடந்துச்சுங்க மாமா. பாக்கவே சங்கடமா இருந்துச்சு. மண்ணணைச்சுப்போட்டேன்" என்றான்.

"அது மஞ்சளில்ல பழனிச்சாமி."

"தெரியுமுங்க. மஞ்சளா இருந்தா நீங்க இந்த லட்சணத்துலயா வெச்சிருப்பீங்க?"

நாலு நாள் அவனோடு பேசவில்லை. என் மனைவி நாலு நாளும் என்னோடு பேசவில்லை. தம்பியாயிற்றே!

தோல்வியை ஒப்புக்கொண்டு டீச்சருக்கு ஒரு கடிதம் எழுதினேன். விலாசம் எழுதிக்கொண்டிருந்தபோது மனைவி தோட்டத்திலிருந்து கூப்பிட்டாள். பேச்சுவார்த்தை மறுபடி ஆரம்பித்ததே ஓர் அதிசயம். போய்ப் பார்த்தேன். அதே சேறு, அதே தண்ணீர், அதே புண்ணாக்கு. எல்லாவற்றையும் தின்று செரித்துக்கொண்டு பன்னிரண்டாவது செடி திமிராக நின்றது. நடுவில் ஒரு மொட்டு!

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் அது விரிந்தது. இளம் ஊதா, விளிம்பில் வெள்ளை. இருந்தது ஒரே தண்டு. வெட்ட மனம் வரவில்லை. ஆனால் வாக்கு வாக்குத்தானே? கண்ணை மூடிக்கொண்டு வெட்டினேன்.

சர்ச்சில் டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பூவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இதழை இரண்டு விரலால் மெல்லத் தொட்டார்.

"காயிதப் பூ இல்லீங்களே?"

இல்லை என்றேன். டீச்சர் மேஜையின் நடுவில் இருந்த ரோஜாக்களை ஓரமாக நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் என் ஐரிஸை வைத்தார்.

வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது. நான் செய்ய மறுத்த சோதனையைத்தான் பழனிச்சாமி செய்திருக்கிறான். பதினொன்றைக் கழித்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறான் — புத்தகத்தைப் புரட்டாமலே.

அன்றே பதிவேட்டை எடுத்தேன். தாய்ச் செடி, தந்தைச் செடி என்று இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. பக்கத்தில் ஸ்கேல் வைத்து மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டேன்: மச்சினன்.