பள்ளிக்கூடத்துக்கு எடுத்த சீர்

அந்த அதிகாரி சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் திக்கென்றுதான் இருக்கிறது.

எங்கள் ஊருக்குக் கிழக்கே கிடக்கும் பொட்டலில் ராணுவ முகாம் வரப்போகிறது என்றதும் ஊரே சந்தோஷத்தில் குதித்தது. அதிகம் குதித்தவள் நான்தான். ஊர் நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கு அப்போது நான் தலைவி. என் மகள் அங்கே ஏழாம் வகுப்பு. அவளோடு படித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இப்படியே போனால் பள்ளியை மூடிவிடுவார்களே என்று எனக்கு ஒரே பயம். மூடிவிட்டால் காரைக்குடிக்குத்தான் அனுப்ப வேண்டும். எங்கள் ஊர் டவுன் பஸ்ஸோ, நினைத்தால் வரும், இல்லாவிட்டால் வராது.

முகாம் வந்தால் சிப்பாய்களின் பிள்ளைகள் வருவார்கள், பள்ளி பிழைத்துக்கொள்ளும் என்று நம்பினோம். பூட்டிக் கிடந்த வகுப்பறைகளைத் திறந்து வெள்ளையடித்தோம். ஆத்தங்குடிப் பட்டறைகளில் வேலை பார்க்கும் எங்கள் ஊர் ஆட்கள் வகுப்பறைத் தரை, வராந்தா எங்கும் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கல் பதித்துக் கொடுத்தார்கள். பிறகு கல்விச் சீர் எடுத்தோம். கல்யாணச் சீரில் எங்கள் பக்கத்து ஆட்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் குறைப்போமா? பெஞ்சு, மின்விசிறி, பீரோ, தண்ணீர் அண்டா என்று எல்லாவற்றையும் மேளதாளத்தோடு ஊர்வலமாகக் கொண்டுபோய் இறக்கினோம்.

"வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிடாம யாரு வருவாக?" என்று அடுத்ததையும் நானே கிளப்பினேன். சம்பந்தி வீட்டுக்குப் போவதுபோல் பட்டுச்சேலை கட்டி, தாம்பாளம் ஏந்தி, பெண்களாகச் சேர்ந்து முகாமுக்குப் போனோம். தலைமையாசிரியையும் கூட வந்தார். கம்பி வேலியும் தகரக் கொட்டகையுமாக முகாம் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் வெளியே வந்து, தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நல்ல மனிதர், அதை மறுக்க மாட்டேன்.

"எந்தப் பள்ளிக்கூடம்மா?" என்று கேட்டார்.

"இந்தா, இங்குட்டு வேப்பமரத்துக்குப் பின்னாடி தெரியுதுல்ல, அதுதாங்க. ஒங்க பிள்ளைகள அங்க சேருங்க. எல்லாம் தயாரா வச்சிருக்கோம்."

அவர் மரத்தைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"அது எங்க எல்லைக்குள்ள வருதேம்மா. சுற்றுச்சுவர் அந்தக் கட்டடத்துக்கும் அப்பால போகுது. உங்க பிள்ளைங்கள வேற ஊருக்கு மாத்துறாங்க. உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

பக்கத்தில் நின்றவள் அவர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தாள். "டீச்சர், ஒங்களுக்குத் தெரியுமா?" என்று தலைமையாசிரியையைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. அவருக்கும் தெரியாது. நாட்டுக்குக் காவல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு பள்ளியை எடுக்கும்போது, அதில் படிக்கிற பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? குழு என்று ஒன்று எதற்கு இருக்கிறது?

பள்ளியைக் காலி செய்தபோது, சீராகக் கொடுத்த பெஞ்சுகளையாவது எடுத்து வந்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். "குடுத்த சீரத் திருப்பி எடுப்பாகளா? அசிங்கமா இல்ல?" என்று ஊர்க்கூட்டத்தில் பெரும்பாலோர் பொங்கினார்கள். நானும்தான். எல்லாம் அங்கேயே இருந்துவிட்டன.

மகளைக் காரைக்குடியில் சேர்த்தேன். முகாமுக்கென்று ஒரு பள்ளி கட்டி முடிகிற வரைக்கும் எங்கள் கட்டடத்திலேயே அவர்கள் வகுப்பு நடத்துவதாகக் கேள்விப்பட்டேன். நம்பவில்லை. ஒருநாள் மகளோடு பஸ்ஸில் போகும்போது முகாமின் பெரிய கேட் திறந்திருந்தது. வேப்பமரம் தெரிந்தது. அதன் பின்னால், பள்ளி வராந்தாவில், நாங்கள் பதித்த பூக்கல் மேல், நாங்கள் சுமந்துபோன பெஞ்சுகளில், சீருடை போட்ட பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, அங்க பாரும்மா. நீ வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிட்ட பிள்ளைகள்லாம் வந்துருச்சுகம்மா."