ஆர்டிஸ் கேட்காத பத்து

ஆர்டிஸ் குவாலே எங்கள் ரைஃபிள் கிளப்பில் போட்டி நடத்த ஆரம்பித்து ஒன்பது வருடம் ஆகிறது. அதில் முதல் மூன்று வருடம் அவளைத் திட்டியே பொழுதைப் போக்கியவன் நான். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் துப்பாக்கிக் குழலின் முனையில் ஒரு பிரேக் உண்டு. கட்டைவிரல் நீளத்துக்கு ஓர் இரும்புத் துண்டு, இரண்டு பக்கமும் துளைகள், திருகினால் ஏறிக்கொள்ளும். வெடிக்கும் வாயு முன்னால் போகாமல் அந்தத் துளைகள் வழியே பக்கவாட்டில் பாயும். தோளில் விழும் உதை பாதியாகக் குறையும். எனக்குச் சுகம், பக்கத்தில் படுத்துச் சுடுகிறவனுக்கு நரகம். இதை இன்றைக்கு ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால், காதில் பஞ்சு வைத்துக்கொள் என்றிருப்பேன்.

ஆர்டிஸுக்கு அப்போது ஐம்பது இருக்கும். கவுண்டி சாலைத் துறையில் கிரேடர் வண்டி ஓட்டுகிறாள். எங்கள் ஊர் டோரனிலிருந்து கனடா எல்லை வரைக்கும் உள்ள மண்சாலை முழுக்க அவள் இழுத்துச் சமன் செய்ததுதான். கணவர் ஹார்லன் கோதுமை லாரி ஓட்டுகிறவர், துப்பாக்கி இருக்கும் பக்கமே வரமாட்டார். ஆனால் போட்டி நாளில் சோக்செரிப் பழத்தை மாவுக்குள் வைத்துச் சுடுகிற ‘பை’ பலகாரம் இரண்டு கொடுத்தனுப்புவார். அந்தப் பைக்காகவே வருகிறவர்களும் கிளப்பில் உண்டு, பெயர் சொல்ல மாட்டேன்.

இருபத்தேழு வருடமாகச் சுடுகிறாள். ஒரு வருடம்கூட சீசன் பட்டம் அவளுக்குக் கிடைத்ததில்லை. இரண்டாவது, மூன்றாவது, மறுபடி இரண்டாவது. ஜெயித்தவர்களின் பெயரைச் சூடு போட்டு எழுதிய பைன் பலகை ஒன்று கிளப் கொட்டகையில் தொங்கும். அதில் மெர்ல் ஸ்டப்பன் பெயர் மட்டும் ஆறு இடத்தில் இருக்கும். ஒரு தடவை பலகையைப் பார்த்துக்கொண்டே என்னிடம், "ஒரே ஒரு வருஷம் போதும் டெல்மர், அப்புறம் நான் இந்தப் பக்கம் தலையே வச்சுப் படுக்க மாட்டேன்" என்றாள். சொன்னபோது சிரித்தாள். ஆனால் அது சிரிப்புக்குச் சொன்னதில்லை என்று எனக்கே தெரிந்தது.

அவள் போட்டியை எடுத்து நடத்துவதற்கு முன்னால், காபி டப்பாவில் எண் போட்ட சில்லுகளைக் குலுக்கி எடுப்போம். வந்த எண்ணில் போய்ப் படுக்க வேண்டியது. எங்கள் பிரேக்குக்குப் பக்கத்தில் வருவது அவரவர் தலையெழுத்து. மோசமாகச் சுட்டவன் எல்லாம் "அந்தப் பிரேக்குதான்" என்பான். பிரேக் வைத்த நாங்கள் நாலு பேர், "உன் கண்ணுக்குக் கண்ணாடி வாங்கு" என்போம். சத்தம் சுடுமிடமான ரேஞ்சைத் தாண்டி சாலை வரைக்கும் கேட்கும்.

ஆர்டிஸ் பொறுப்பேற்ற முதல் வாரம் என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக ரேஞ்சுக்கு வரச்சொன்னாள். ஏதோ திட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று நானும் பதிலைத் தயார் செய்துகொண்டு போனேன். அவள் பாயை விரித்து என் இடது பக்கம் ஆறடி தள்ளிப் படுத்தாள். காதடைப்பானை மாட்டிக்கொண்டாள்.

"சுடு."

"எதுக்கு?"

"ஊர் பூரா கத்துறாங்க. எவ்வளவு நெசம், எவ்வளவு நடிப்புன்னு எனக்குத் தெரிய வேணாமா? சுடு."

மூன்று குண்டு சுட்டேன். எழுந்து வலது பக்கம் போய்ப் படுத்தாள். மறுபடி மூன்று. அப்புறம் பன்னிரண்டடி தள்ளி. அப்புறம் நேர் பின்னால், புள்ளி எழுதுகிறவர் உட்காரும் இடத்தில். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன நோட்டில் எழுதினாள். முடிந்ததும் முகம் முழுக்கப் புழுதி, புருவம்கூட வெள்ளை.

"பக்கத்து எடம் தாங்கவே முடியல. அதுக்கடுத்த எடம் பரவால்ல. பின்னால ஒண்ணுமே இல்ல, ஆனா அங்கயும் ஒருத்தன் சிணுங்குறான்" என்றாள். அந்த ஒருத்தன் யாரென்று நாங்கள் இருவரும் அறிவோம்.

மறுமாதம் புதுச் சட்டங்களை எழுதிக் கொட்டகையில் தாள் ஒட்டினாள். பிரேக் வைத்தவர்கள் எல்லாம் வரிசையின் வலது கோடி. அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் ஓர் இடம் காலி. புழுதி எழாமலிருக்கக் குழல்முனைக்குக் கீழே நனைத்த கார்ப்பெட் துண்டு. தண்ணீர் அவளே வீட்டிலிருந்து டேங்கில் கொண்டுவருவாள். காலி இடம் விட்ட பிறகு, பக்கத்தில் பிரேக் வெடித்தது என்று யாரும் திரும்பச் சுடக் கேட்கக் கூடாது. கடைசி வரிதான் எங்களுக்காக எழுதியது. அதைப் பார்த்த பிறகும் நான் அவளைத் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஒதுக்கி வைத்துவிட்டாள் என்ற எரிச்சல்.

அந்த வரி முதலில் விழுந்தது மெர்ல் தலையில். காலி இடத்துக்கு அடுத்து அவர் படுத்திருந்தார். என் துப்பாக்கி வெடித்தபோது காற்று எப்படி வந்ததோ, அவர் தொப்பி பறந்து போனது. அவர் குண்டு பத்தில் விழாமல் ஆறு புள்ளி வட்டத்தில் விழுந்தது. அவர் ஆறு போட்டு நாங்கள் பார்த்ததே இல்லை.

"பொண்ணே, இத நான் திரும்பச் சுடணும்" என்று எழுந்து நின்றார்.

"முடியாது மெர்ல். எடம் காலி விட்ருக்கு."

"என் தொப்பி எங்க கெடக்குன்னு பாரு!"

"தொப்பிய எடுத்துத் தர்றேன். ஆறு ஆறுதான்."

எடுத்தும் கொடுத்தாள். ஒரு மாதம் அவர் அவளோடு பேசவில்லை.

அப்புறம் எங்கள் முறை. வலது கோடியில்தான் ஓடைப் பள்ளம் ஏறி வருகிறது. அங்கே காற்று ஒரு நேரம் போல ஒரு நேரம் இருக்காது. எங்களையே எப்போதும் அங்கே போட்டால் எங்கள் புள்ளி என்னாவது என்று கேட்டேன். கேட்டேன் என்பது மரியாதைக்கு. கத்தினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு குச்சி நட்டு, ஆரஞ்சு ரிப்பன் கட்டி, காலையிலிருந்து சாயங்காலம் வரை மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து காற்றின் போக்கை எழுதிக்கொண்டே இருந்தாள். திங்கட்கிழமை போன் வந்தது.

"நீ சொன்னது சரி. வலது பக்கம் மோசம். மாத்துறேன்."

ஜெயித்துவிட்டேன், ஆனால் திட்ட ஆளில்லை.

அப்போது வந்த ஏற்பாடுதான் இன்றுவரை. இரண்டு சுற்று. ஒன்றில் பிரேக் இல்லாதவர்கள், ஒன்றில் நாங்கள் மட்டும், ஓர் இடம் விட்டு ஓர் இடம். எல்லோரும் ஒரே டப்பாவில் சில்லு எடுக்கிறோம். எந்தச் சுற்று முதலில் என்பதை அன்றன்றைக்குக் காசு சுண்டிப் பார்க்கிறோம், ஏனென்றால் பிந்திச் சுடுகிறவர்களுக்கு வெயில் ஏறிக் கானல் ஆடும். ஒரு சுற்று சுடும்போது மற்றவர்கள் புள்ளி எழுதுவார்கள். சண்டை நின்றது. நானும் அவளைத் திட்டுவதை விட்டேன். விட்ட பிறகுதான் அவளை எனக்குப் பிடிக்கும் என்பது தெரிந்தது.

போன செப்டம்பர், சீசனின் கடைசிப் போட்டி. மெர்லும் ஆர்டிஸும் மொத்தப் புள்ளியில் சமமாக வந்து நின்றார்கள். மெர்லுக்கு எழுபத்தாறு வயது. மறு வருடம் சுடுவேனா தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார், போன பத்து வருடமாகச் சொல்வதுபோல. காசு சுண்டியதில் பிரேக் இல்லாதவர்கள் முதல் சுற்று. எனக்கு அன்று இரண்டு மணிக்கு அக்கா மகள் கல்யாணம், சர்ச் எழுபது மைல் தள்ளி. இரண்டாவது சுற்றுக்கு நின்றால் என் மனைவி கோரின் என்னை வீட்டுக்குள் விடமாட்டாள்.

"ஆர்டிஸ், பிரேக்கக் கழட்டிடறேன். முதல் சுத்துல ஒரு எடம் குடு."

அவள் யோசித்தாள். "கழட்டிட்டா அது பிரேக் இல்லாத துப்பாக்கிதான். சட்டத்துல தடை இல்ல. ஆனா ஒனக்கு அந்த உதை பழக்கமில்லையே."

"நான் என்ன கொழந்தையா?"

"சரி, சில்லு எடு."

எட்டு வந்தது. அவளுக்கு ஏழு. மெர்லுக்கு மூன்று.

பிரேக் இல்லாமல் அந்தத் துப்பாக்கியை நான் பத்து வருடத்துக்கும் மேலாகச் சுட்டதில்லை. முதல் குண்டிலேயே குதிரை உதைத்த மாதிரி இருந்தது. வலியைவிடப் பெரிய தொல்லை வேறு. பிரேக் இருந்தால் சுட்ட பிறகும் ஸ்கோப்பில் இலக்கு அங்கேயே நிற்கும். இல்லாவிட்டால் குழல் எகிறி வானத்தைப் பார்க்கும், ஒவ்வொரு தடவையும் இறக்கி, அறுநூறு கெஜத்துக்கு அப்பால் நம் எண் போட்ட இலக்குப் பலகையைத் தேடிப் பிடிக்க வேண்டும். பதினெட்டு குண்டு வரைக்கும் சரியாகத் தேடிப் பிடித்தேன்.

பத்தொன்பதாவதில் மணியைப் பார்த்தேன். அவசரம். குழலை இறக்கினேன், கறுப்பு வட்டம் தெரிந்தது, சுட்டேன். குண்டு பட்டதும் இலக்குக்குக் கீழே குழியில் இருப்பவர் குறி வைக்கப் பலகையை இறக்குவார்; என் பலகை இறங்கவில்லை. பக்கத்தில் ஏழாம் எண் இறங்கியது. அவளுடைய பலகையில் சுட்டிருக்கிறேன்.

அது அவளுக்குக் கடைசிக் குண்டு, இருபதாவது. எனக்கு ஒரு நொடி முன்னால் சுட்டிருக்கிறாள். சுட்டவுடன் குண்டு எங்கே போயிருக்கும் என்று எழுதுகிறவரிடம் சொல்வது எங்கள் வழக்கம். "ஒன்பது, வலது பக்கம்" என்று அவள் சொல்லிவிட்டாள். எழுதிக்கொண்டிருந்தவன் ராய்ஸ், பிரேக்காரன்.

ஏழாம் பலகை மேலே வந்தது. இரண்டு குறி. குழியிலிருந்தவன் ரேடியோவில் சொன்னான்: "ஏழுல ரெண்டு ஓட்டை. பெரிய ஓட்டை பத்துல. சின்னது ஒன்பதுல, வலது பக்கம்."

பெரிய ஓட்டை போடும் துப்பாக்கி அந்த வரிசையில் என்னுடையது ஒன்றுதான்.

எனக்கு முட்டை. அது சட்டம், அதில் பேச்சில்லை. அவளுக்கு எது? மெர்ல் முடித்துவிட்டார். ராய்ஸ் கூட்டிப் பார்த்து வைத்திருந்தான். பத்து என்றால் ஆர்டிஸ் ஒரு புள்ளியில் சீசன் பட்டம். ஒன்பது என்றால் இருவரும் சமம், சமம் என்றால் நடு வட்டத்தில் அதிகம் போட்டவருக்கு, அதில் மெர்ல் முந்தி.

ஆர்டிஸ் எழுந்து பாயிலிருந்த மண்ணைத் தட்டினாள். "ஒன்பது எழுது ராய்ஸ்."

"எழுதாத" என்றார் மெர்ல். மூன்றாம் இடத்திலிருந்து ஊன்றுகோலோடு வந்து நின்றார். "தாள்ல என்ன போட்ருக்கு, படி."

"மெர்ல், அது என் குண்டு இல்ல. எல்லாருக்கும் தெரியும்."

"தாளப் படி பொண்ணே."

அவள் படிக்கவில்லை. அவளுக்கு மனப்பாடம், அவள் எழுதியதுதானே. நாலு வருடத்துக்கு முன்னால் இரண்டு பேர் எந்த ஓட்டை யாருடையது என்று அடித்துக்கொள்ளப் போனபோது எழுதியது. ஒரு பலகையில் இரண்டு ஓட்டை இருந்தால், பலகைக்கு உரியவருக்கு அதிகப் புள்ளி. யாருடைய குண்டு என்று ஆராயக் கூடாது.

"எனக்கு வேணாம்னா விட்ருங்களேன்" என்றாள். குரல் இறங்கிவிட்டது.

"என் தொப்பி பறந்தப்ப எனக்கும் அந்த ஆறு வேணாம். விட்டியா நீ?" என்றார் மெர்ல். கோபம் இல்லை, கிண்டலும் இல்லை. "இன்னிக்கு நீ ஒன் மனசுக்காக வளைச்சா, நாளைக்கு எவன் மனசுக்காக வளைப்ப? இந்த பிரேக்காரங்க ஒன் பேச்சக் கேக்குறது எதனால? நீ யாருக்கும் வளைக்கல, அதனால."

நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். எதைச் சொல்வது? கிழவர் பட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டு நிற்கிறார், அவளோ கையில் வந்ததை வேண்டாமென்று நிற்கிறாள், நடுவில் என் குண்டு.

ஆர்டிஸ் ராய்ஸிடமிருந்து அட்டையை வாங்கினாள். பத்து என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். மெர்ல் முதலில் கை தட்டினார், பிறகு எல்லோரும். தலையை ஆட்டிவிட்டு விறுவிறுவென்று தன் பிக்கப்புக்குப் போய்விட்டாள்.

பலகைகளில் புதுத் தாள் ஒட்ட இருபது நிமிடம் ஆகும். நான் துப்பாக்கியைக் கட்டி வைத்துவிட்டு அவளிடம் போனேன். கதவைத் திறந்து வைத்து, காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தாள். மறைக்கவில்லை.

"என்ன மன்னிச்சிரு ஆர்டிஸ்."

"நீ என்ன பண்ணுவ. எடம் குடுத்தது நானு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கு மூணு வருஷம், பிரேக் இல்லாம என்னால சுட முடியாதுன்னு உசுர எடுத்த. இன்னிக்கு பத்து போடுற. அதுவும் என் பலகைல."

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள், பாதியில் நின்றுவிட்டது.

"அடுத்த வருஷம் நீயே ஜெயிப்ப" என்றேன்.

"ஜெயிச்சா அது ரெண்டாவதுன்னுதானே சொல்வாங்க." கையிலிருந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இருபத்தேழு வருஷம் ஆசப்பட்டேன் டெல்மர். அது என் குண்டுல வரணும்னுதான் ஆசப்பட்டேன்."

அவள் இறங்கி, கதவைச் சாத்தி, இரண்டாவது சுற்றுக்குப் பிரேக்காரர்களைக் கூப்பிடப் போனாள். நான் கல்யாணத்துக்கு நாற்பது நிமிடம் பிந்திப் போய்ச் சேர்ந்தேன்.