பன்னிரண்டு பேர் வாசித்த வரவேற்பு

மண்டபத்தின் நடுவில் நின்று அவர் இரண்டு முறை கை தட்டினார். தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டு, சத்தம் போய் அடங்குகிற வரைக்கும் காத்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் கல்யாணத்து வரவேற்புக்குப் பாட்டுக் கச்சேரி பேசலாம் என்று கூட்டி வந்தால், மனிதர் ஆளில்லாத மண்டபத்தில் கை தட்டிக்கொண்டு நிற்கிறார்.

அவர் ஆர்கெஸ்ட்ரா வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் டவுனில் ஒரு சர்ச்சில் கீபோர்டு வாசிப்பார், முகூர்த்த நாளெல்லாம் எங்களைப் போன்றவர்களின் மண்டபங்களில் வாசிப்பார். கூட வாசிக்க எத்தனை பேர் வேண்டுமோ அத்தனை பேரைச் சேர்த்துக் கூட்டி வருவார்.

"ஆறு பேர் போதுங்கம்மா," என்றார். "கீபோர்டு, கிடார், தபேலா, ரிதம் பேடு. பாடறதுக்கு ஒரு ஆணு, ஒரு பொண்ணு. இந்த மண்டபத்துக்கு அதுவே எச்சு."

நான் பன்னிரண்டு பேர் கேட்டிருந்தேன். டிரம்பெட், சாக்ஸபோன் எல்லாம் சேர்த்து.

"கீழ பூராவும் கிரானைட்டு, மேல பாருங்க, சீலிங் கை எட்டற ஒசரத்துல இருக்குது. நான் தட்டுனது நின்னும் சத்தம் நிக்கலை, கேட்டீங்களா? பன்னெண்டு பேரு வாசிச்சா ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேக்காதுங்க. கல்யாணத்துக்கு ஒறம்பரை சனம் பாட்டுக் கேக்க வாரதில்லீங்கம்மா. ஒருத்தருக்கொருத்தர் நாயம் பேசத்தான் வாராங்க."

எவ்வளவு நல்ல மனிதர், பாருங்கள். ஆளைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று தானாகச் சொல்கிறவர் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்? எனக்கு அன்றைக்கு அது புரியவில்லை. கோயமுத்தூர் கணபதியில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறவர் பெண்டாட்டிக்கு ஆறு பேர் போதும் என்று எடை போட்டுவிட்டாரே என்றுதான் தோன்றியது. என் கோபம் மூக்கு நுனியிலேயே குடியிருப்பது. போதாததற்கு, சூலூரில் என் நாத்தனார் மகள் கல்யாணத்தில் ஒன்பது பேர் வாசித்திருந்தார்கள். "எங்க கச்சேரியில ஒன்பது பேரு" என்று அவள் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்பதுக்கு மேலே ஒரு எண் எனக்கு வேண்டியிருந்தது.

"அவரு சொல்றதுதான் சரின்னு தோணுது, அம்மிணி," என்று என் வீட்டுக்காரர் மெல்ல இழுத்தார். நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். அவர் போனை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு வெளியே போய்விட்டார்.

"பன்னெண்டு பேரும் வரோணுமுங்க," என்றேன் நான்.

வந்தார்கள். ஆவணியில் நல்ல முகூர்த்தம். முந்தின நாள் சாயங்காலம் வரவேற்பு. மேடையில் பொண்ணு மாப்பிள்ளைக்குச் சோபா போட்டதுபோக மீதி இடத்தில் ஒன்பது பேர்தான் நிற்க முடிந்தது. ஒன்பதைத் தாண்டுவதற்கென்று வரவழைத்த மூன்று பேரும் மேடைக்குக் கீழே, படிக்கட்டை ஒட்டி நின்றார்கள். அவர்களுக்கு ஒரு ஸ்பீக்கர். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், வந்தவர்களை வரவேற்றபடி பட்டுப்புடவையில் நான்.

முதல் பாட்டுக்கு டிரம்பெட் எழும்பியதும் முன்வரிசைக் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வந்தவர்கள் கொஞ்ச நேரம் ஒருவர் காதில் ஒருவர் கத்திப் பார்த்தார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள். சாப்பிட்டாயா என்பதற்கு வாயருகே கையைக் கொண்டுபோனார்கள். கிளம்புகிறேன் என்பதற்கு வாசலைக் காட்டினார்கள். என் அருகில் வந்து வாயசைத்த எல்லோருக்கும் நான் ஒரே பதிலைச் சொன்னேன்: "ஆகட்டுங்க, ஆகட்டுங்க."

எங்கள் பக்கத்தில் இது ரொம்ப வசதியான வார்த்தை. சரி என்பதற்கும் அதைச் சொல்லலாம், பார்க்கலாம் என்பதற்கும் சொல்லலாம், போதும் பேச்சை முடித்துக்கொள்ளலாம் என்பதற்கும் சொல்லலாம். மனதிலிருந்து சொல்கிறவர்கள் அடுத்ததாக ஒரு கேள்வி கேட்பார்கள். வீட்டுக்கு வாரேன் என்று ஒருவர் சொன்னால், "ஆகட்டும், எப்ப வாரீங்க?" என்பார்கள். மற்றவர்கள் ஆகட்டும் என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அன்றைக்கு நான் நூறு பேருக்காவது நிறுத்திக்கொண்டிருப்பேன். வீட்டுக்காரரின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர், மாடிப்படியில் வழுக்கி விழுந்து கை முறிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். நான் கும்பிட்டுச் சிரித்து ஆகட்டுங்க என்றிருக்கிறேன். அதை அவர் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்.

சிரிக்க முடியாத ஒன்றும் அன்றைக்கு நடந்தது.

என் அக்கா சோமனூரிலிருந்து வந்திருந்தாள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். நாற்பது வருடம் விசைத்தறிக்கு நடுவில் குடித்தனம் செய்தவள். தறி ஓடும்போது அவளும் மாமாவும் ஆளுக்கொரு மூலையில் நின்று உதட்டசைவிலேயே பேசிக்கொள்வார்கள். சண்டையும் அப்படியேதான். உதடு அசைந்தாலே அவளுக்குக் கேட்டமாதிரி. மாமா தவறிப்போய் மூன்று வருடமாகிறது. அதற்குப் பிறகு அவள் மகன் தறிகளை எடைக்குப் போட்டுவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். சோமனூர் வீட்டையும் விலைக்குக் கொடுத்தாகிவிட்டது, புரட்டாசி முடிவதற்குள் காலி செய்ய வேண்டும் என்று கல்யாண வேலைக்கு நடுவில் என் காதுக்கு வந்திருந்தது. அப்புறம் அக்கா எங்கே போவாள் என்று நான் யோசிக்கவில்லை. கல்யாணம் முடியட்டும் என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

டிரம்பெட்டுக்காரர்களைத் தாண்டி என்னிடம் வந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு அக்கா பேசினாள். கொஞ்ச நேரம் பேசினாள். எனக்கு ஒரு சொல்கூட விழவில்லை. விழவில்லை என்று சைகை காட்டியிருக்கலாம், கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போயிருக்கலாம். என் கண்ணோ அப்போது உள்ளே நுழைந்துகொண்டிருந்த நாத்தனார் மேல் இருந்தது. படிக்கட்டோரம் நிற்கும் மூன்று பேரை அவள் எண்ணுகிறாளா என்று பார்த்துக்கொண்டே, "ஆகட்டும்க்கா, ஆகட்டும்," என்றேன். அக்கா என் கன்னத்தைத் தொட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. தங்கச்சி மகள் கல்யாணம் அல்லவா, கலங்காமல் இருக்குமா என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து, ஒரு காலையில் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அக்கா நின்றிருந்தாள். இரண்டு கையிலும் பெரிய பைகள். தோளில் மாட்டிய ஒயர் கூடையில் மாத்திரை டப்பாவும் ஒரு சின்னக் குக்கரும். கக்கத்தில் போர்வையில் சுற்றிய தலையணை.

"என்னக்கா, இத்தன பையத் தூக்கிட்டு எங்க கெளம்பிட்டே?" என்று கேட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். முகம் என்றுகூடச் சொல்ல முடியாது, வாயைப் பார்த்தாள். அந்த உதட்டை அவள் படித்து முடித்த நேரத்தை என்னால் இப்போதும் எண்ணிச் சொல்ல முடியும்.

"சும்மாதான், அம்மிணி. மருதமலைக்குப் போலாம்னு வந்தேன். உன்னையும் எட்டிப் பாத்துப்போட்டுப் போலாம்னு."

மருதமலைக்கு யார் தலையணையோடு போவார்கள்? யார் குக்கர் கொண்டுபோவார்கள்? எனக்கு அது அப்போதே தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். புரட்டாசிக்குள் அவள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதும் ஞாபகம் வந்தது. மகள் போனபிறகு காலியாகக் கிடந்த அறையும் ஞாபகம் வந்தது. அந்த அறையில் என் தையல் மெஷினைப் போட்டு, ஒரு ஏசியும் மாட்டுவதாக நான் திட்டம் வைத்திருந்தேன். அதைச் சொல்லவே கூசுகிறது. அக்கா ஒரு பொய்யைச் சொன்னாள். நான் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

"நல்லபடியாச் சாமி கும்பிட்டுட்டு வாக்கா," என்றேன். காபி கொடுத்தேன். கல்யாண முறுக்கு மீதி இருந்ததை ஒரு கவரில் போட்டு அவள் கூடையில் வைத்தேன். கூடையில் இடம் இல்லை, குக்கரைத் திறந்து அதற்குள் வைத்தேன். பைகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பு வரைக்கும் போகவும் செய்தேன். எவ்வளவு மரியாதையான தங்கச்சி!

கல்யாண வீடியோ வர ஒரு மாதமாயிற்று. நாங்கள் இருவரும் உட்கார்ந்து டிவியில் போட்டுப் பார்த்தோம். வரவேற்புப் பகுதியில் திடீரென்று அக்கா வந்தாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு பேசினாள். வீடியோக்காரர் அதன் மேல் வேறொரு பாட்டை ஒட்டியிருந்தார். அக்காவின் கை முதலில் அவள் நெஞ்சைத் தொட்டது, பிறகு என்னைக் காட்டியது, பிறகு இரண்டு கையையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துத் தூங்குவதுபோலக் காட்டினாள். ஒரு மூலை போதும் என்பதுபோல விரலைக் குவித்தாள். நான் எங்கேயோ பார்த்துக்கொண்டு, அழகாக உதட்டைக் குவித்து விரித்து, ஆகட்டும் என்றேன். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், அவ்வளவு தெளிவாக.

அக்கா மகனுக்குப் போன் செய்தேன்.

"ஆமாங்க சின்னம்மா, எங்க ஊடு ஒரே ரூமுங்க. நான் தங்கச்சி ஊட்டுக்கே போயிக்கறேன்னு அம்மா சொன்னாங்க. நீங்களும் கல்யாணத்துல வெச்சு ஆகட்டும்னு சொல்லீட்டீங்கன்னாங்க. அப்பறம் அன்னைக்கே சோமனூருக்குத் திரும்பி வந்துட்டாங்க. ஏம்மான்னு கேட்டா, எனக்குத்தான் டவுனு ஒத்துக்கலைன்னுட்டாங்க."

என்னை அவள் யாரிடமும் விட்டுக்கொடுக்கவில்லை. சொந்த மகனிடம்கூட.

அடுத்த நாளே சோமனூர் போனேன். தெரிந்தவர்களின் தறிக்கூடத்தை ஒட்டி ஓர் அறையில் இருந்தாள். வாடகைக்குப் பதிலாக நூல் சுற்றிக் கொடுக்கிறாள். மூலையில் அந்தக் குக்கர், சுவரோரம் அந்தத் தலையணை. பக்கத்தில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் என்னைக் கிணற்றடிப் பக்கம் கூட்டிப்போய் உட்காரவைத்தாள். எனக்குச் சத்தம் ஒத்துக்கொள்ளாது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. நான்கு எட்டு நடந்தால் போதும், பேசுவது கேட்கிறது. அன்றைக்கு எனக்கு அந்த நான்கு எட்டு தோன்றவில்லை.

"அக்கா, அன்னைக்கு மண்டபத்துல நீ சொன்னது எனக்குக் கேக்கவே இல்லக்கா. சத்தியமாக் கேக்கலை. பன்னெண்டு பேரைக் கூப்பிட்டது என் தப்புத்தான்." அழுதுவிட்டேன்.

"அட, இதுக்கா அழுவே?" என்று என் முதுகைத் தடவினாள். "அத்தன பேரு ஊதுனா ஆருக்குத்தான் கேக்கும்? உம்மேல என்ன தப்பு இருக்குது கண்ணு. நாந்தான் நேரங்காலம் தெரியாம வந்து பேசிப்போட்டேன்."

மண்டபத்தைப் பற்றித்தான் நான் சொன்னேன், அவளும் மண்டபத்தைப் பற்றித்தான் மன்னித்தாள். கேட்டருகே அவள் தலையணையோடு நின்ற காலையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அன்றைக்கு அங்கே யாரும் வாசித்துக்கொண்டிருக்கவில்லை. தெருவில் ஒரு கீரைக்காரிகூடக் கூவவில்லை. எல்லாப் பழியையும் டிரம்பெட்டுக்காரர்கள் மேல் போட்டுவிட்டு, அவள் மடியில் தலைவைத்து ஆறுதலையும் வாங்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது சொன்னேன். "நம்ம ஊட்டுக்கே வந்துரு, அக்கா. எம் மக ரூமு சும்மாதான் கெடக்குது."

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஆகட்டும், அம்மிணி," என்றாள்.

நன்றாகக் கேட்டது. எந்த ஆகட்டும் என்றும் தெரிந்தது. அந்தப் பைகளை நான் கையில் எடுத்திருக்க வேண்டும், தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்திருக்க வேண்டும். அவ்வளவு முடியாவிட்டாலும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கோயமுத்தூர் பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தேன். எப்ப வாரே என்று நான் கேட்கவில்லை.