வெளியே வராத ககரம்

கன்ரனீஸ் என்ற சீன மொழியில் சொல்லின் கடைசியில் வரும் ககரம் வெளியே வராது. நாக்கு பின்னுக்குப் போய்த் தொண்டையை அடைக்கும், அவ்வளவுதான். நான் முதலில் வழக்கப்படி ஒரு உகரத்தை ஒட்டி 'சிக்கு' என்றபோது என் தோழி வின்னியின் அம்மா வயிறு குலுங்கச் சிரித்தார். பிரெஞ்சு பேசும் எங்கள் நகரத்தில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் எங்களுக்குக் கீழ்வீடு அவர்களுடையது. என் அம்மா வேலையால் வரும்வரை நான் அங்கேதான். ஒன்பது வயதுக்குள் அந்த மெய்யொலிகள் எல்லாம் என் வாயில் ஏறிவிட்டன. வின்னியோ பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து தாய்க்குப் பிரெஞ்சிலேயே பதில் சொன்னவள். அவள் ககரத்தில் காற்றுப் பீறிட்டு வரும்.

2005 குளிர்காலத்தில் வின்னியின் அம்மாவுக்குப் புற்றுநோய் முற்றியது. ஆஸ்பத்திரியில் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். கற்ற பிரெஞ்சு அவரை விட்டுப் போயிருந்தது, கண்ணும் திறப்பதில்லை. கணவர் கரண்டியை நீட்டினால் முகத்தைத் திருப்பினார். "நீ எங்கள் மொழியில் கேட்டால் குடிப்பாள்" என்று அவர் வின்னியிடம் கெஞ்சினார்.

இரண்டே சொல்தான்: சிக் ஜுக். கஞ்சி குடி. இரண்டும் ககரத்தில் முடிபவை.

மெட்ரோ முழுக்க நான் வின்னியைப் பிழிந்தெடுத்தேன். "காத்தை விடாதை! திரும்பச் சொல்லு!"

கூட்டிக்கொண்டு போன என் அம்மா, "விடு பிள்ளை, அவள் தனக்குத் தெரிஞ்ச மாதிரித் தாயோட கதைக்கட்டும்" என்றார்.

விடுவதா? பிழையாகச் சொன்னால் எப்படி விளங்கும்?

கட்டிலருகே வின்னி கரண்டியை எடுத்தாள். வாய் திறந்தது, சொல் வரவில்லை. "நீ சொல்லு" என்று என் காதுக்குள் பிரெஞ்சில் கிசுகிசுத்தாள். "நான் சொன்னா அவவுக்கு விளங்காது."

சொன்னேன். துல்லியமாக. கண்மூடியபடியே அவள் அம்மா வாயைத் திறந்தார். வின்னி ஊட்டினாள். ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி. பிறகு அவர் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "க்வாய் நொய்" என்றார். நல்ல மகள். அதற்குப் பிறகு அவர் பேசவேயில்லை என்பது பின்னர்தான் தெரிந்தது.

லிஃப்டில் வின்னி அழுதாள். தாய் சாப்பிட்ட சந்தோசம் என்று நினைத்தேன்.

"பாத்தீங்களோ அம்மா, ஒரு பிழையும் விடேல்லை!"

என் அம்மா வின்னியைத் தன் குளிர்க்கோட்டுக்குள் இழுத்து அணைத்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சொன்னது நானல்லவா?