அசல் ஆளுக்கு ஒரு கேள்வி

எனக்கு யாரையும் சட்டென்று நம்பிப் பழக்கமில்லை. கண்டியில் ஓர் அலுவலகத்தில் முறைப்பாடு கேட்கும் மேசை என்னுடையது. பக்கத்து வீட்டுக்காரன் வேலியை நகர்த்திவிட்டான் என்று ஒருவர் வந்து அழுவார். மறுநாள் அந்தப் பக்கத்து வீட்டுக்காரரே வந்து, கதையை அப்படியே திருப்பிப் போட்டு அவரும் அழுவார். இரண்டு கண்ணீரும் ஒரே மாதிரித்தான் இருக்கும். இதையே வருஷக்கணக்காகப் பார்த்தவளிடம் யாராவது சிரித்துப் பேசினால், இவருக்கு என்ன வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும்.

தினமும் நாவலப்பிட்டியில் ஆபீஸ் ரயில் ஏறுவேன். எங்கள் பெட்டியில் நாங்கள் நால்வர். நான், கண்டியில் விஞ்ஞானம் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து மாஸ்டர், தையல்கடை வைத்திருந்த முஸ்லிம் அக்கா, கம்பளையில் ஏறும் மருந்துக்கடைக்காரி. தையல்கடை அக்காவை எல்லோரும் ராத்தா என்போம். மருந்துக்கடைக்காரி எங்களில் இளையவள், வாயாடி. அவளுக்காக ஜன்னலோரத்தில் என் குடையைப் போட்டு இடம் பிடித்து வைப்பேன்.

எங்களைச் சேர்த்து வைத்தது ஒரு தொலைக்காட்சித் தொடர். சனிக்கிழமை மாலையில் போகும். படம் ஆங்கிலத்தில் பேசும், அடியில் சிங்களம் ஓடும், திங்கட்கிழமை நாங்கள் தமிழில் சண்டை பிடிப்போம். கதை இதுதான்: பழைய ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு லிப்ட். அது சில நாட்களில் மேலே போகாமல் இன்னோர் உலகத்துக்குப் போய்விடும். அங்கேயும் இதே ஊர், இதே ஆட்கள், ஆனால் வேறு வாழ்க்கை. இங்கே கள்வனாக இருப்பவன் அங்கே நல்லவன். அங்கிருந்து வந்து இங்குள்ளவரின் இடத்தைப் பிடித்துக்கொள்பவரை நாங்கள் மாற்றாள் என்று சொல்வோம். மாற்றாளைக் கண்டுபிடிக்க ஒரே வழி, அசல் ஆளுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்பது.

அது யுத்தகாலம். எங்களை ரயிலிலிருந்து இறக்குவார்கள், பஸ்ஸிலிருந்து இறக்குவார்கள், அடையாள அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். நான் நான்தான் என்று யாருக்காவது நிரூபித்துக்கொண்டே திரிந்த எங்களுக்கு அந்தத் தொடர் பிடித்துப்போனதில் அதிசயமில்லை. நாங்களும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். திங்கட்கிழமை பெட்டியில் ஏறுகிறவர் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால்தான் உட்காரலாம். "போன கிழமை ராத்தா எனக்குத் தந்த வட்டிலப்பத்தை ஆர் களவாய்த் திண்டது?" என்று மாஸ்டர் கேட்பார். திருடியவள் பதில் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே உட்காருவாள். திருடுகிறவள் எப்போதும் கம்பளைக்காரிதான்.

ஒரு வாரம் தொடரில் ஒரு சிக்கல் வந்தது. பெண்டாட்டியை அடிக்கிற ஒருவன் லிப்டில் ஏறிப் போய்விட்டான். அவன் இடத்துக்கு அந்தப் பக்கத்து ஆள் வந்தான். சமைக்கிறான், மெதுவாகப் பேசுகிறான். அவன் மாற்றாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. காட்டிக்கொடுத்தால் பழையவன் திரும்பி வருவான். காட்டிக்கொடுக்காமல் இருப்பது குற்றம்.

"சட்டம் எண்டால் சட்டம்தான். ஆள் மாறாட்டத்தை எப்பிடி விடுறது?" என்றார் மாஸ்டர்.

"அது கெடக்கட்டும் மாஸ்டர்," என்றாள் ராத்தா. "அந்தப் பக்கத்துலயும் ஒரு பொண்டாட்டி இருப்பாதானே? இந்த ராட்சசன் இப்ப அவட ஊட்டுலதான் இருக்கான். இவ சந்தோசமா இருக்க, அடிய அவ வாங்குறா. அது நியாயமா?"

நான் என் கட்சியைச் சொன்னேன். நல்லவனாக நடிக்கிறவனுக்கு ஏதோ ஒரு கணக்கு இருக்கும், அவனை அந்த வீட்டில் வைத்திருக்கவே கூடாது என்றேன். கம்பளைக்காரி வாயே திறக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அங்கேதான் எனக்கு மூக்கில் வேர்த்தது.

அதற்குப் பிறகு அவளைக் கவனிக்கத் தொடங்கினேன். கம்பளை மேடையில் புதிதாக ஓர் ஆள் நின்றார். அவளுடைய பையைச் சுமந்து வந்தார். அவள் ஏறிய பிறகு சாப்பாட்டுப் பார்சலை ஜன்னல் வழியாகக் கொடுத்தார். ரயில் நகரும்வரை நின்றார். அவளுடைய புருஷன் சவூதிக்குப் போய் வருஷங்களாகின்றன. அவர் போவதற்கு முந்திய நாட்களில் அவள் வெயிலிலும் நீளக் கை சட்டை போட்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆளை மட்டும் கண்டதில்லை. ஆகவே, பை சுமக்கிற இவர் வேறு ஆள் என்று முடிவுகட்டிவிட்டேன்.

"யாருடி அது?"

"வீட்டுக்காரருதான் அக்கா. வந்துட்டாரு."

"பையைத் தூக்கிட்டு வர்றாரே?"

"சமையலும் அவருதான். குடிக்கிறதே இல்ல."

இதைச் சந்தோஷமாகச் சொல்லியிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஒளித்து வைத்திருந்த ஒரு பொருளைக் காட்டுகிறவள் மாதிரிச் சொன்னாள்.

இரண்டொரு நாளில் அவளே பேச்சை எடுத்தாள். "மாஸ்டர், அந்தப் பொம்பளைக்கு ஒரு மக இருந்தா என்ன செய்யணும்? மகள தூரத்துல விட்டு வளக்கிறா. இப்ப இந்தாளு பிள்ளைய வீட்டுக்குக் கூட்டிட்டு வருவோம்னு சொல்றாரு. கூட்டிட்டு வரலாமா?"

தொடரில் அந்தப் பெண்ணுக்குப் பிள்ளையே கிடையாது. கம்பளைக்காரியின் மகள் தெல்தோட்டையில் பெரியம்மா வீட்டிலிருந்து படித்துக்கொண்டிருந்தாள். நான் ராத்தாவைப் பார்த்தேன், ராத்தா என்னைப் பார்த்தாள். மாஸ்டருக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. பாடம் எடுக்கிற குரலில் சொன்னார்: "அதுக்கென்ன, கேள்வியைக் கேக்க வேண்டியதுதானே? அசல் ஆளுக்கு மட்டும் தெரிஞ்ச கேள்வி. பதில் சரியெண்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரலாம்."

"இதெல்லாம் டீவிக்குச் சரி மாஸ்டர்," என்று நான் வெட்டினேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை மாஸ்டர் வழக்கம்போலக் கேள்வியோடு காத்திருந்தார். அவள் பதில் சொல்லாமலே உட்கார்ந்தாள்.

"கேட்டுட்டேன் மாஸ்டர். என் கை முறிஞ்ச அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கேட்டேன்."

மாஸ்டரின் முகம் மாறியது. அப்போதுதான் அவருக்கு எல்லாம் விளங்கியது.

"எல்லாம் சொன்னாரு. அன்னைக்கு மழையாம். கரண்ட் இல்லையாம். சட்டைய ஏன் இஸ்திரி போடலன்னு தொடங்குனாராம். கரண்ட் இல்லாம எப்பிடிப் போடுறதுன்னு நான் கேட்டேனாம். கைய கதவுல வச்சு சாத்துனாராம். நான் மறந்ததையெல்லாம் அவரு சொன்னாரு."

"அப்ப அசல் ஆள்தான்," என்றார் மாஸ்டர், மெதுவாக.

"அசல் ஆளுதான். ஞாபகமில்லன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே பிள்ளையக் கூட்டிட்டு வந்திருப்பேன்."

எங்கள் விளையாட்டில் பதில் சரியாக இருந்தால் கைதட்டுவோம். அன்றைக்குத்தான் சரியான பதிலுக்குப் பயந்தேன். ராத்தா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "ஞாபகம் வெச்சிக்கிற மனுசன் வெக்கப்படுறான்டு அர்த்தம்மா," என்றாள். இருக்கலாம். கெட்டிக்காரனாகவும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ஒரு பொய்யைக் கேட்டால் எனக்குத் தெரியும். உண்மையை இத்தனை கோர்வையாகச் சொல்கிறவனை என்ன செய்வது என்று தெரியவில்லை.

"எல்லாம் சரியா சொன்னாரா?" என்று கேட்டேன்.

அவள் பார்சலை மடியில் வைத்துத் தடவினாள். "ஒன்னு மட்டும் தப்புக்கா. 'நல்லவேளை பிள்ள தூங்கிட்டா'ன்னு சொன்னாரு."

"தூங்கலையா?"

"அலுமாரிக்குப் பின்னால நின்னா."

ரயில் பேராதனையைத் தாண்டியது. கண்டியில் இறங்குவதற்கு எழும்பியபோது மாஸ்டர், "அதை அவருக்குச் சொன்னீங்களோ பிள்ளை?" என்று கேட்டார்.

"இல்ல. சனிக்கிழம ரெண்டு பேரும் தெல்தோட்டைக்குப் போறோம். கேக்கிறதுன்னா அவ கேக்கட்டும்."

அந்த வாரம் முழுக்க எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. யாரோ வீட்டுக் கதைக்கு நான் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறேன் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. அந்த மனிதன் பொய்யனாக இருக்க வேண்டும் என்று ஒரு நேரம் வேண்டிக்கொண்டேன். இன்னொரு நேரம், நல்லவனாக இருந்து தொலைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை கம்பளையில் அவள் ஏறினாள். மாஸ்டர் கேள்வி கேட்கவில்லை. குடையை எடுத்து இடம் கொடுத்தேன். உட்கார்ந்ததும் அவளே சொன்னாள்.

"கேட்டா. 'அப்பா, அம்மா கை ஒடஞ்சப்ப நான் எங்க நின்னேன்?'னு கேட்டா. நீ தூங்கிட்ட மகளேன்னாரு. 'இல்லப்பா, அலுமாரிக்குப் பின்னால நின்னேன், நீங்க பாக்கல'ன்னா. அப்பிடியே தரையில உக்காந்துட்டாருக்கா. அழுதாரு. அவ உள்ளுக்குப் போயி தண்ணி கொண்டாந்து குடுத்தா. குடிச்சி முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நின்னா. பொறவு, 'நான் இங்கயே படிக்கிறேன்பா'ன்னு சொன்னா."

அவள் அழவில்லை. ராத்தாதான் அழுதாள். அந்தச் சனிக்கிழமைத் தொடரில் அந்தப் பெண் மாற்றாளை வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். அதை எங்கள் நால்வரில் யாரும் பேச்சுக்கு எடுக்கவில்லை.

எதிர் ரயிலுக்காக எங்கள் ரயில் இன்னும் கம்பளையிலேயே நின்றது. அவளுடைய வீட்டுக்காரர் ஜன்னலடிக்கு வந்து, வழக்கம்போலப் பார்சலைக் கொடுத்தார். நான் அவரைக் கூர்ந்து பார்த்தேன். என் வழக்கப்படி சந்தேகத்தோடுதான் பார்த்தேன். அவர் என் பார்வையைக் கண்டுகொண்டார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, சிரிக்கவுமில்லை. சோதனைச் சாவடியில் அட்டையை நீட்டிவிட்டு நாங்கள் எல்லோரும் நிற்போமே, அப்படி நின்றார்.