எரிக்கவென்றே வைத்த ஓலை

யோசப்பின் என்பவள் நாவலப்பிட்டியில் ஒரு பாடசாலையின் சங்கீத டீச்சர். ரயில்பாதைத் தொழிலாளியின் மகள். கோயில் ஆர்மோனியத்தில் தானாகவே விரல் பழகியவள், முப்பத்தைந்து வயதில் கண்டியில் இசை முதுகலை வகுப்பில் சேர்ந்தாள். வார இறுதியில் ரயிலேறிப் போய்ப் பாடலமைப்பும், பாடகர் குழுவை நடத்தும் முறையும் படித்தாள். இறுதிப் பரீட்சைக்குச் சொந்தமாக ஒரு படைப்பு எழுத வேண்டும். அதைக் கண்டி மண்டபத்தில் பரீட்சகர்கள் முன் தானே நின்று நடத்த வேண்டும். ஆண், பெண் நான்கு குரல்களும் அதில் இருக்க வேண்டும் என்பது விதி.

அவள் எழுதியது சிலுவைப் பாதை. பாடுவது அவள் பத்து வருடமாகப் பழக்கிய பங்குப் பாடகர் குழு. வாசிப்பது தேயிலைத் தோட்டத்துக் கறுப்பையாவின் தப்புப் பறைக் குழு.

தோட்டத்தில் சாவு விழுந்தால் தப்பு அடிப்பார்கள். ஆகவே இயேசுவின் சாவுக்கும் தப்பு. இதைவிட நேரான யோசனை இருக்க முடியாது. ஆனால் பங்குச் சபைத் தலைவர் ஸ்ரனிஸ்லாஸ் முதல் ஒத்திகையன்றே வந்து நின்றார்.

"ஏம்மா, சாவுக்கு அடிக்கிற தப்ப கோயில் ஹோலுக்குள்ள கொண்டாந்திருக்க?"

"சிலுவைப் பாதை என்ன கல்யாண ஊர்வலமாங்க?"

பெண்கள் வரிசையில் சமந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஸ்ரனிஸ்லாஸ் சிரிக்கவில்லை. ஞானஸ்நானத் தண்ணீர் ஜென்ம பாவத்தையே கழுவிவிடும் என்று ஞாயிறு தோறும் படிப்பிக்கிறார்கள். சாதியை மட்டும் அந்தத் தண்ணீர் நனைப்பதுகூட இல்லை. தப்பை அடிப்பவன் யார், அவன் குடியிருக்கும் லயம் எந்தப் பக்கம் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

பரீட்சைக்கு முந்திய சனிக்கிழமை கடைசி ஒத்திகை. பின்னேரம் மழை கொட்டியது. ஈரக் காற்றில் தோல் தொய்ந்தால் தப்பு பேசாது. நெருப்பில் காய்ச்சித்தான் இறுக்க வேண்டும். விறகெல்லாம் நனைந்திருந்தது. கறுப்பையாவின் மருமகன் ரவிகுமார் விறாந்தையிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"டீச்சர், இந்தச் சாக்குல காஞ்ச ஓலை கெடக்கு. எடுத்துக்கவா?"

இசைத்தாளில் தலையைக் கவிழ்த்திருந்த யோசப்பின் நிமிரவில்லை. "எடுங்க, எடுங்க."

அது குருத்தோலை. குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஓலைகளைச் சிலுவையாக மடித்து வீட்டுக் கதவில் செருகி வைப்பார்கள். அடுத்த விபூதிப் புதன் நெருங்கும்போது கோயிலுக்குத் திருப்பிக் கொடுப்பார்கள். ஃபாதர் அவற்றை எரித்துத்தான் நெற்றியில் பூசும் சாம்பல் எடுப்பார். புதனுக்கு இன்னும் நான்கு நாள். எரிக்கவென்றே சேர்த்து வைத்த ஓலை நான்கு நாள் முந்தி எரிந்தது. நடந்த குற்றம் அவ்வளவுதான்.

ஒத்திகைக்கு வந்த ஆண்கள் முற்றத்து நெருப்பையும், அதில் சுருளும் ஓலைச் சிலுவைகளையும், மேலே காயும் மாட்டுத் தோலையும் பார்த்தார்கள். ஒருவன் காறித் துப்பினான்.

"நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்று யோசப்பின் மழையிலேயே ஓடிவந்தாள். "கவனிக்கல. என் பிழை. ஃபாதர்ட்ட நானே சொல்றேன்."

வந்த ஆண்கள் மோட்டார் சைக்கிள்களில் ஏறிப் போய்விட்டார்கள்.

"நாங்க போயிர்றோம் டீச்சர்" என்றார் கறுப்பையா.

"பரீட்சைக்கு ஒரு கிழமைதான் இருக்குண்ணே. பொம்பளைங்க வந்துருவாங்க. இருங்க."

பெண்கள் வருவதற்கு முன் போனவர்கள் திரும்பினார்கள். மழைக்கோட்டும், கண்ணாடி இறக்கிய ஹெல்மெட்டும், கையில் கம்பிகளும். முதல் அடி மின்குமிழில் விழுந்தது. இருட்டில் யாரோ யோசப்பினைத் தோளில் பிடித்து, பழைய சுரூபங்கள் அடுக்கியிருந்த அறைக்குள் தள்ளிப் பூட்டினார்கள்.

கதவுக்குப் பின்னால் அவளுக்கு இருந்தது காது மட்டும். அது இரண்டு வருடம் தீட்டிய காது. தோல் கிழியும் சத்தம் முதலில் கேட்டது. பிறகு மரச்சட்டம் உடைவது. பிறகு கம்பி சதையில் விழும் மந்தமான ஓசை, எலும்பில் விழும் வேறு ஓசை. ரவிகுமாரின் அலறல் உயர்ந்து போய்ச் சட்டென்று அறுந்தது. அவள் கதவை உதைத்தாள். புனிதர்களின் சுரூபங்கள் உருண்டு நொறுங்கின.

வெளியே நான்கு பேர் கத்தினார்கள். ஒவ்வொரு குரலும் எந்த வரிசையில் எந்தக் கதிரையில் உட்காரும் குரல் என்று அவளுக்குத் தெரிந்தது. பிறகு ஐந்தாவது குரல் வந்தது.

"தலையில அடிக்காத. கையில! கையில அடிடா! கை இருந்தாத்தானே அடிப்பான்."

அந்தக் குரலுக்கு முன்னால் மூக்கால் சுருக்கென்று இழுத்த ஒரு மூச்சு. பாட்டுத் தொடங்குமுன் அப்படி மூச்செடுக்கச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். அது அவளுடைய தம்பி கிளின்ரன். சிலுவைப் பாதையில் இயேசுவின் பகுதியைத் தனியாகப் பாட அவள் தெரிந்தெடுத்தவன்.

பூட்டை உடைத்து அவளை வெளியே எடுத்தவர்கள் ஒத்திகைக்கு வந்த பெண்கள். கறுப்பையாவின் வலது மணிக்கட்டு பின்பக்கமாக மடங்கியிருந்தது. ரவிகுமாரின் காதுக்கு மேலே தோல் பிளந்து தொங்கியது. நெருப்பு இன்னும் புகைந்துகொண்டிருந்தது. ஓலையை எடுக்கச் சொன்னவள் உடம்பில் ஒரு கீறல் இல்லை. கேட்டு எடுத்தவனுக்கு மண்டை பிளந்தது. கேட்காமல் நின்றவருக்குக் கை போனது. மதம் கேட்கும் நியாயம் இந்த அழகில்தான் இருக்கும்.

அடுத்த நாள் பூசை முடிந்ததும் ஸ்ரனிஸ்லாஸ் வீட்டுக்கு வந்தார். அம்மா கதிரை எடுத்துப் போட்டாள். கிளின்ரன் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தான்.

"பொலிஸ்காரன் கேப்பான். 'ஹெல்மெட் போட்டிருந்தாங்க, அடையாளம் தெரியல'ன்னு சொல்லு. பொய்யில்லையே? மூஞ்சியப் பாத்தியா நீ?"

"இல்ல."

"அப்ப முடிஞ்சிருச்சு. சனிக்கிழம குழு முழுக்கக் கண்டிக்கு வரும். பஸ்ஸு நாங்க புடிக்கிறோம். நீ படிச்சு முடி. தப்புக்குப் பதிலா ட்ரம்ஸ் வச்சுக்க."

"ட்ரம்ஸுக்கும் தோல்தானே அங்கிள்? அது எந்த சாதி மாடு?"

"வாய் மட்டும் கொறச்சல் இல்ல" என்று எழுந்து போனார்.

அம்மா அழுதாள். "ஒத்தத் தம்பிடீ. அவனப் போய்க் காட்டிக் குடுப்பியா? ஒனக்குப் படிப்பும் வேணும்தானே?"

யோசப்பின் உள்ளறைக் கதவைத் தட்டினாள். "ஏன்டா கைய அடிக்கச் சொன்ன?"

"தலையில அடிச்சிருந்தா செத்திருப்பான்" என்றான் கதவுக்குள்ளிருந்து. "ஒன்னய ரூமுக்குள்ள போட்டதும் நான்தான். காப்பாத்தினேன்க்கா."

அந்த வார்த்தைதான் அவளைப் பொலிசுக்கு அனுப்பியது.

ஸ்டேஷன் பொறுப்பதிகாரி பெயர்களைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "முகம் பார்க்க இல்ல, ஆனா பேர் தெரியும். மிஸ், இது கோர்ட்ல நிக்குமா?"

"கூப்பிட்டுப் பேச வையுங்க. நான் சுவரைப் பாத்து இருக்கேன்."

அவருக்கு அது வேடிக்கையாகப்பட்டிருக்க வேண்டும். ஐந்து பேரோடு வேறு ஏழெட்டுப் பேரையும் கலந்து நிறுத்தினார். யோசப்பின் சுவரில் உரிந்திருந்த சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொருவனும் ஒரே வாக்கியத்தைச் சொன்னான்: கையில அடி. கையில அடி. அவள் பெயர் சொன்னாள். தெரியாத குரலுக்குத் தெரியாது என்றாள். நான்கு பெயரும் சரியாக வந்தபோது அதிகாரி சிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

கடைசிக்கு முந்தியவன் குரலைத் தாழ்த்திக் கரகரப்பாக்கிச் சொன்னான். வேறு யாரோ போலவே இருந்தது. ஆனால் சொல்வதற்கு முன் மூக்கால் சுருக்கென்று மூச்சை இழுத்தான்.

இப்போதுகூடத் தெரியாது என்று ஒரு சொல் போதும். பஸ் வரும், குழு வரும், பட்டம் வரும்.

"கிளின்ரன்" என்றாள். "என் தம்பி."

செவ்வாய்க்கிழமை ஐவரும் பிணையில் வந்தார்கள். கலகெதரப் பக்கத்துக் கோயில் ஒன்றிலிருந்து ஒரு சாக்கு ஓலை வந்தது. ஓலைக்கு ஓலை கிடைத்துவிட்டது. மணிக்கட்டுக்கு மணிக்கட்டு எந்தப் பங்கிலிருந்து வரும்? புதன்கிழமை ஐவரும் முன்வரிசையில் நின்று நெற்றியில் சாம்பல் வாங்கினார்கள். அன்று மாலை யோசப்பின் வீட்டுக் கண்ணாடி ஜன்னல்கள் கல்லால் உடைந்தன. அம்மா கல்லைத் திட்டவில்லை, மகளைத் திட்டினாள். மகள் இசைத்தாள்களையும் இரண்டு சேலையையும் எடுத்துக்கொண்டு சமந்தா வீட்டுக்குப் போனாள்.

சனிக்கிழமை கண்டி மண்டபத்தில் அவளோடு ஏறியவர்கள் சமந்தாவும் ஆறு பெண்களும். எல்லாரும் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவர்கள். ஒருத்தியின் கன்னத்தில் புருஷனின் விரல் பதிந்திருந்தது. தப்பு இரண்டு, இரவல் வாங்கியது; அடிக்க வந்தவர்கள் கறுப்பையாவின் குழுவில் கை முறியாமல் தப்பிய இருவர். கறுப்பையா கையில் கட்டுப் போட்டு, பக்கத்தில் ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

மூத்த பரீட்சகர் தாளைப் புரட்டினார். "நான்கு குரல் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆண்குரல்கள் எங்கே?"

"பிணையில் இருக்கிறார்கள்" என்றாள் யோசப்பின்.

கையை உயர்த்தினாள். ஆண்குரல் நுழைய வேண்டிய இடம் வந்தபோதெல்லாம் அந்த வெற்றிடத்தைப் பார்த்தும் கைகாட்டினாள். தப்பு மட்டும் அங்கே தனியாக அதிர்ந்தது.

தேறவில்லை. விதிப்படி நான்கு குரல் இல்லை, மறுமுறை பரீட்சைக்கு வரலாம் என்றார்கள். விதியைப் பிழை சொல்ல முடியாது.

வழக்கு தவணை தவணையாகத் தள்ளிப்போகிறது. யோசப்பின் இப்போது தோட்டத்து லயங்களில் ஆண்குரல் தேடிக்கொண்டிருக்கிறாள். போன கிழமை கறுப்பையா கேட்டார், "டீச்சர், கேஸும் தள்ளிப் போவுது, பரீட்சையும் தள்ளிப் போவுது. எது மொதல்ல வரும்?"

"ஒங்க கை மொதல்ல வரட்டும்ணே."

அவர் கட்டவிழ்த்த கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் பாதிவரை மூடின. அதற்கு மேல் மூடவில்லை.